ஒத்து ஊதியவர்கள்: நவ-சைக்கடெலிக் ராக் இசையின் ஒற்றைச் சுரம்

தமிழில் ஒருவரை முகத்துதி செய்பவர் என்று ஏச வேண்டுமானால், நாம் பெரும்பாலும் கச்சேரி மேடையிலிருந்துதான் சொல்லெடுக்கிறோம். ஜால்ரா தட்டுகிறான், சிங்கியடிக்கிறான், பின்பாட்டுப் பாடுகிறான், ஒத்து ஊதுகிறான். முதன்மைக் கலைஞரின் பின்னால் அமர்ந்து, அவருக்காகத் தம் ஒலியை ஒடுக்கிக்கொண்ட அத்தனை பேரும் நம் வசைச்சொற்களின் வரிசையில் இடம்பெற்றுவிட்டார்கள். இவர்களுள் ஒத்துக்காரரின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது.

ஒத்து என்பது தோற்றத்தில் நாதசுரத்தை ஒத்த குழல். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. அடிப்பகுதியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் ஆதார சட்ஜத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். பிறகு அதை ஊதுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சுரம் அறுபடாமல் பார்த்துக்கொள்வது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, நாதசுரக்காரர் ராகத்தில் எங்கெங்கோ சென்று திரும்பும் வரை ஒரே இடத்தில் நிற்பது. பெரிய மேளத்தில் சேரும் சிறுவர்கள் பலருக்கும் முதற்பாடம் இதுவாகவே இருந்தது. திருமண அழைப்பிதழில் நாதசுரக்காரர் பெயர் இருக்கும், சிறப்புத் தவில் என்று இன்னொரு பெயர் இருக்கும். ஒத்துக்காரரின் பெயரை அச்சிட்ட அழைப்பிதழைக் காண்பது அரிது.

இந்த ஒத்தையே கச்சேரியாக்கிக்கொண்ட ஓர் இசைவகை உலகின் மறுபக்கத்தில் உண்டு. நவ-சைக்கடெலிக் ராக் என்று அதற்குப் பெயர். 1970களின் இறுதி தொடங்கி இன்றுவரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் குழுக்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. போதை மருந்து, வண்ணச் சுழல் ஓவியங்கள், அறுபதுகளின் மீதான ஏக்கம் என்றே இந்த இசையைப் பற்றிப் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவற்றை நீக்கிவிட்டுக் கேட்டால் அடியில் எஞ்சி நிற்பது ஒரு சுருதி. அந்தச் சுருதி எங்கிருந்து சென்றது, அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்பதைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சித்தாரை பீட்டில்ஸ் குழு கையில் எடுத்ததிலிருந்து இக்கதையைத் தொடங்குவது வழக்கம். உண்மையில் கதை பத்தாண்டுகள் முந்தியது. 1955இல் அலி அக்பர் கானின் சரோத் இசை, யெஹுதி மெனுஹினின் முன்னுரையோடு அமெரிக்காவில் நெடுந்தட்டாக வெளியானது. காலை ராகம் ஒன்று, மாலை ராகம் ஒன்று. அதைக் கேட்டு ஆழமாகப் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் லா மாண்டி யங் என்ற இளம் இசையமைப்பாளர். ராகத்தின் சஞ்சாரத்தைவிட அதன் பின்னால் ஓய்வின்றி ஒலித்த தம்புராவே அவரைப் பிடித்துக்கொண்டது. 1960களின் நடுவில் நியூயார்க்கில் அவர் நடத்திய குழு, ஓரிரு சுரங்களை மணிக்கணக்கில் நீட்டி ஒலிக்கச் செய்தது. அந்தக் குழுவில் வயோலா வாசித்தவர் வேல்ஸ் நாட்டவரான ஜான் கேல். அவர் அங்கிருந்து அதே நீள்சுரத்தை எடுத்துக்கொண்டு லூ ரீடுடன் சேர்ந்தார். 1967இல் வெளியான 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ' இசைத்தட்டில் அந்த வயோலா கிட்டத்தட்ட ஒத்தின் வேலையைச் செய்கிறது. ராக் இசைக்குள் சுருதி நுழைந்த வழிகளில் இது ஒன்று.

மற்றது நாம் அறிந்த வழி. 1965 டிசம்பரில் வெளியான 'நார்வீஜியன் வுட்' பாடலில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரை மீட்டினார். அங்கே சித்தார் ஓர் அலங்காரம் மட்டுமே. 1966இல் 'ரிவால்வர்' தொகுப்பின் இறுதிப் பாடலில்தான் அடித்தளமே மாறியது. ஏறத்தாழ ஒரே ஸ்வரக்கட்டின் மீது, தம்புரா ஒலிக்க, பாடல் முழுவதும் நகர்கிறது. மேற்கத்திய வெகுஜன இசை கார்டுகளின் நகர்வால் ஆனது. ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று திரும்புவதே அதன் கதைசொல்லல். அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் ஆழ்ந்து நிற்கலாம் என்று உலகின் மிகப் பிரபலமான குழு காட்டியது. பின்வந்த சைக்கடெலிக் ராக் பெரிதும் கற்றுக்கொண்டது இதைத்தான்.

இங்கே ஒரு சிறு தகவல். 1967இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பில் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாடலுக்கு லண்டனில் வாழ்ந்த இந்திய இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள். கன்னடரான அயனா அங்கடி தம் மனைவி பேட்ரிஷியாவுடன் நடத்திவந்த ஆசிய இசை வட்டத்தின் மூலம் வந்தவர்கள் அவர்கள். அட்டையின் மீது எண்ணற்ற பிரபலங்களின் உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்த இசைத்தட்டில் இவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் முயற்சியால்தான் பெயர்கள் வெளிவந்தன. தில்ருபா வாசித்தவர்கள் அன்னா ஜோஷியும் அம்ரித் கஜ்ஜரும். தபலா நட்வர் சோனி. தம்புரா புத்ததேவ் கன்சாரா. உலகில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட தம்புராக்களில் ஒன்றை மீட்டியவர், அரை நூற்றாண்டு பெயரில்லாமல் இருந்தார்.

ரவிசங்கரின் மேடைகளில் தம்புராக் கலைஞர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 1967இல் மான்டரேயில் கமலா சக்ரவர்த்தி, 1969இல் உட்ஸ்டாக்கில் மாயா குல்கர்னி. ஆனால் அந்த மேடைகளைப் பற்றிய எழுத்துகளில் ரவிசங்கரும் அல்லா ரக்காவும் மட்டுமே இருப்பார்கள். 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியில் ஒரு நிகழ்ச்சி பிரசித்தம். இசைக்கருவிகளைச் சுருதி சேர்த்து முடித்தவுடன் அரங்கமே கைதட்டியது. சுருதி கூட்டியதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்ற பொருளில் ரவிசங்கர் புன்னகையோடு சொன்னார். ரசிகர்களின் அறியாமைக்குச் சான்றாகவே இக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு வேறொரு வாசிப்பும் சாத்தியம் என்று படுகிறது. ஐந்தாறு ஆண்டுகளாக ஒற்றைச் சுரத்தின் மீது நின்ற ராக் இசையைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. சுருதியையே இசையாகக் கேட்க அவை ஓரளவு பழகியிருந்தன.

இந்தப் பயணத்தில் ஒரு தமிழரும் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா, 1966இல் அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டு 15 அன்று உட்ஸ்டாக் விழாவைத் தொடக்கிவைத்துப் பேசினார். அவரிடம் அடைக்கலம் கண்டவர்களுள் ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் முக்கியமானவர். கணவர் ஜான் கோல்ட்ரேனை இழந்த துயரத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த அவர், 1971இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று பெயரிட்டார். அதன் முதற்பாடலில் தம்புராவும், அதன் மேல் ஏறும் கனத்த பாஸ் இசையும், யாழ் போன்ற ஹார்ப்பும் சேர்ந்து உருவாக்கும் வெளி, பிற்கால சைக்கடெலிக் குழுக்கள் பலவற்றுக்கு ஒரு முன்மாதிரி. அங்கே தம்புரா மீட்டியவர் தட்டின் அட்டையில் 'துளசி' என்ற ஒற்றைப் பெயரோடு நின்றுவிடுகிறார்.

*

இதே காலத்தில் இந்தியாவில் என்ன நிகழ்ந்தது? பின்னாளில் ஐ.டி.சி. என்று பெயர் மாறிய இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம், தன் சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக ராக் குழுக்களுக்கான போட்டிகளை நடத்தியது. 1970, 1971 ஆண்டுகளின் போட்டியாளர்களைக் கொண்டு இரண்டு நெடுந்தட்டுகள் வெளியாயின. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் போன்ற குழுக்கள் அவற்றில் இருக்கின்றன. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் தட்டுகள் அவை. ஆர்வமும் வேகமும் நிறைந்த இசை. கிட்டாரின் கரகரப்பு, ஆர்கன், அமெரிக்க ப்ளூஸ் என்றே பெரும்பாலும் செல்கிறது. லண்டன் இளைஞர்கள் தம்புராவைத் தேடிக்கொண்டிருந்தபோது நம் நகரத்து இளைஞர்களுக்கு அது பாட்டி வீட்டுக் கூடத்தின் மூலையில் உறையிட்டு நின்ற பொருள். எதிலிருந்து தப்ப நினைத்தார்களோ அதையே ராக் இசைக்குள் மீண்டும் கொண்டுவர அவர்களுக்கு என்ன அவசியம்?

விதிவிலக்கு ஆனந்த சங்கர். உதயசங்கரின் மகன், ரவிசங்கரின் அண்ணன் மகன். 1970இல் அமெரிக்காவின் ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்ட தம் முதல் தொகுப்பில் சித்தாரையும் மூக் சின்தசைஸரையும் சேர்த்தார். ரோலிங் ஸ்டோன்ஸ், டோர்ஸ் பாடல்களோடு தம்முடைய நீண்ட ஆக்கங்களையும் வைத்தார். 1975இல் கல்கத்தாவிலிருந்து 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' வந்தது. இங்கே அத்தொகுப்புகள் மறக்கப்பட்டன. 1990களில் இங்கிலாந்தின் நடன அரங்குகளில் அவை மீண்டும் சுழலத் தொடங்கின; லண்டனின் ஸ்டேட் ஆஃப் பெங்கால் குழுவோடு அவர் மேடையேறினார். அவர்கள் சேர்ந்து உருவாக்கிய 'வாக்கிங் ஆன்' 2000இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1999இல் காலமாகிவிட்டார்.

*

அறுபதுகளின் அலை ஓய்ந்து, பங்க் இசையும் ஓய்ந்த பிறகு எழுந்ததே நவ-சைக்கடெலியா. லிவர்பூலின் எக்கோ அண்ட் தி பன்னிமென், டியர்ட்ராப் எக்ஸ்ப்ளோட்ஸ், கேம்பிரிட்ஜின் சாஃப்ட் பாய்ஸ் ஆகிய குழுக்களை இப்பெயரால் அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ட்ரீம் சிண்டிகேட், ரெய்ன் பரேடு முதலிய குழுக்கள் 1982, 1983 ஆண்டுகளில் தம் முதல் தொகுப்புகளை வெளியிட்டன. இவர்கள் யாரும் ரிஷிகேசத்துக்குப் போகவில்லை. குருவைத் தேடவில்லை. இவர்களுக்கு இந்தியா, அண்ணன்மார் விட்டுச்சென்ற பழைய இசைத்தட்டுகளின் வழியாக இரண்டாம் கையாக வந்த ஒன்று. அலங்காரங்கள் உதிர்ந்து, சுருதி மட்டும் மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு உச்ச உதாரணம் ஸ்பேஸ்மென் 3. இங்கிலாந்தின் ரக்பி என்ற சிறு நகரத்தில் 1982இல் ஜேசன் பியர்ஸும் பீட் கெம்பரும் தொடங்கிய குழு. 1988 ஆகஸ்டில் லண்டனின் மேற்கே பிரென்ட்ஃபோர்டில் உள்ள வாட்டர்மன்ஸ் கலை மையத்தின் முகப்புக் கூடத்தில் இவர்கள் வாசித்தார்கள். விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' பார்க்க வந்தவர்கள் படத்துக்காகக் காத்திருந்த கூடம் அது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கிட்டார்கள் ஒரே ஸ்வரக்கட்டில் அதிர்ந்துகொண்டிருந்தன. பின்னணியில் பேச்சுக்குரல்கள் கேட்கின்றன. 1990இல் இது 'ட்ரீம்வெப்பன்' என்ற பெயரில் இசைத்தட்டானது. துணைத்தலைப்பு: தற்காலச் சித்தார் இசையின் ஒரு மாலை. அதில் சித்தார் இல்லவே இல்லை. குறும்பான அந்தத் துணைத்தலைப்பில் ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. கருவியை விட்டுவிட்டுக் கருவி நின்ற தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்கிறார்கள்.

ஒரே சுரம் தொடர்ந்து ஒலித்தால் சலிப்புத்தானே வர வேண்டும்? தம்புராவோடு பழகியவர்களுக்கு விடை தெரியும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஒரு நூல்துண்டுக்கு நம்மவர்கள் ஜீவா என்று பெயர் வைத்தார்கள். அதன் இடம் சரியாக அமைந்தால் தந்தியின் மேற்சுரங்கள் விரிந்து எழும். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும். சுரம் அசையாமல் நிற்கும்போதுதான் காது அதன் உள்ளே செல்கிறது. கிட்டாரின் ஒலியைக் கரகரக்கச் செய்யும் ஃபஸ், அலையாக நடுங்கச் செய்யும் ட்ரெமொலோ, ஒலிபெருக்கியின் எதிரொலிப்பு எல்லாம் நவ-சைக்கடெலிக் இசையில் இந்த ஜீவாவின் வேலையையே செய்கின்றன. மை ப்ளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' (1991) தொகுப்பிலும், பியர்ஸ் பின்னர் தொடங்கிய ஸ்பிரிச்சுவலைஸ்டு குழுவின் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென் வி ஆர் ஃப்ளோட்டிங் இன் ஸ்பேஸ்' (1997) தொகுப்பிலும் மெட்டுக்கு அடியில் புகைமூட்டம்போல் எழும் ஒலிப்பரப்பு இவ்வகைப்பட்டது.

டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினைச் சேர்ந்த தி பிளாக் ஏஞ்சல்ஸ் இன்னும் ஒரு படி சென்றது. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ஒரு பாடலிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. 2006இல் வந்த அதன் முதல் தொகுப்பான 'பாஸோவர்' காலத்தில் ஜெனிஃபர் ரெய்ன்ஸ் என்ற கலைஞர் அதில் இருந்தார். அவர் வாசித்த கருவிகளில் ஒன்று 'ட்ரோன் மெஷின்' என்றே குறிப்பிடப்பட்டது. தமிழில் சொன்னால், ஒத்து. சுருதி பிடிப்பவருக்குக் குழுவின் பெயர்ப்பட்டியலில் மற்றவர்களுக்கு நிகரான ஓர் இடம்.

*

1990களின் இங்கிலாந்தில் இந்தியாவை வெளிப்படையாகவே அழைத்துவந்த இரண்டு குழுக்களை ஒப்பிடுவது பயனுள்ளது. குலா ஷேக்கரின் 'கே' (1996) பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. முழுவதும் சமஸ்கிருதச் சொற்களால் ஆன 'கோவிந்தா' பாடல் அங்கே வெற்றி பெற்றது ஒரு வியப்புத்தான். ஆனால் அவர்களின் இந்தியா 1967ஆம் ஆண்டின் சுவரொட்டி இந்தியா. கார்னர்ஷாப்பின் வழி வேறு. பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த தஜிந்தர் சிங் நண்பர்களோடு 1991இல் தொடங்கிய குழு இது. ஆசியர்கள் என்றாலே மூலைக்கடை வைத்திருப்பவர்கள் என்ற பிரிட்டிஷ் ஏளனத்தையே பெயராகச் சூடிக்கொண்டவர்கள். 1995இல் வந்த அவர்களின் தொகுப்பில் 'ஜலந்தர் ஷேர்' என்ற பாடல் பஞ்சாபிச் சொற்களை ஒரே சுருதியின் மீது சுழலவிட்டு மயக்குகிறது. 1997இல் வந்த 'வென் ஐ வாஸ் பார்ன் ஃபார் தி செவன்த் டைம்' தொகுப்பை அவர்கள் முடித்த விதம் இன்னும் அழகானது: 'நார்வீஜியன் வுட்' பாடலைப் பஞ்சாபியில் பாடினார்கள். கடனாகச் சென்ற சித்தார் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் புலம்பெயர்ந்தவரின் தாய்மொழியோடு வீடு திரும்பியது.

இந்தியாவிலும் பின்னாளில் இவ்வழி திறந்தது. காஷ்மீரத்து இளைஞர்கள் பெங்களூரில் 2010இல் தொடங்கிய பர்வாஸ் குழு, 'பேஹோஷ்' (2012), 'பாரான்' (2014) ஆகியவற்றில் உருதுவிலும் காஷ்மீரியிலும் சைக்கடெலிக் ராக் இசையைப் பாடியது. சிம்லா பீட் தலைமுறைக்கு இருந்த கூச்சம் இவர்களிடம் இல்லை.

*

இனி நம் ஊருக்கு வரலாம். நான் இதை எழுதுவது பெண்ணாடத்திலிருந்து. பீங்கான் பொருள்களுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்து, திருச்சி செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், மெய்கண்டார் பிறந்த ஊர். படுத்த யானையின் பின்புறம்போல வளைந்த விமானத்தால் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். இப்பகுதியில் இன்று நாதசுரம் ஒலிக்கும் இடங்களில் ஒத்தைக் காண முடிவதில்லை. ஒலிவாங்கியின் அருகே கைக்கடக்கமான ஒரு பெட்டி சுருதி தந்துகொண்டிருக்கிறது.

இந்த மாற்றத்துக்கும் வரலாறு உண்டு. டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்தை விலக்கித் தம்புராவை நாதசுர மேடைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. நாதசுரத்துக்குப் பாட்டுக் கச்சேரிக்கு இணையான மதிப்பைக் கேட்டுப் போராடியவர் அவர். அதன் ஒரு பகுதியாகவே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னர், 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகளும் அவற்றைப் பின்பற்றியவையும் வந்தபின் தம்புராவுக்கே பல மேடைகளில் வேலை போயிற்று. இப்போது கைப்பேசியிலேயே சுருதி வந்துவிட்டது.

இதை வெறும் இழப்பு என்று புலம்புவது நேர்மையாகாது. ஒத்து ஊதுவது கடும் உழைப்பு. சாதியாலும் வறுமையாலும் அதில் கட்டுண்டிருந்த சிறுவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் வீதியுலாவில் நடந்தார்கள். அந்தச் சுமையிலிருந்து ஒரு பெட்டி அவர்களை விடுவித்தது என்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் சுமையை இறக்கிவைத்த நாம், சுமந்தவர்கள் செய்தது இசை என்பதையும் சேர்த்தே மறந்துவிட்டோம். பெட்டியின் சட்ஜம் பிசகாது. மனித மூச்சின் சட்ஜம் காற்றின் அழுத்தத்துக்கேற்பச் சற்றே ஏறி இறங்கும், சீவாளியின் ஈரத்தில் கரகரக்கும், முன்னால் நிற்பவரின் வேகம் கூடும்போது தானும் இறுகும். மேற்கத்திய இளைஞர்கள் பழைய கிட்டார்களையும் வால்வு ஒலிபெருக்கிகளையும் தேடி வாங்கித் தம் ஒற்றைச் சுரத்துக்குள் கொண்டுவரப் பாடுபடுவது இந்தச் சிறு அசைவுகளைத்தான். அது நம் தெருவில் இலவசமாகக் கிடைத்தது. நாம் அதை வசைச்சொல்லாக்கினோம்.

ஆர்வமுள்ள நண்பர்களுக்கு ஒரு யோசனை. 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 'ட்ரீம்வெப்பன்', 'பாஸோவர்' மூன்றையும் இவ்வரிசையில் கேட்டுவிட்டு, ஒத்தோடு பதிவான பழைய 78 சுழற்சி நாதசுரத் தட்டு ஒன்றை, எவருடையதாயினும், கேட்டுப்பாருங்கள். இசைத்தட்டின் கீறல் ஒலிக்கும் நாதசுரத்துக்கும் இடையே மெலிதாக, விடாமல், ஒருவர் ஊதிக்கொண்டிருப்பது கேட்கும். தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் அவர் பெயர் இராது. லிவர்பூலில் ஐம்பது ஆண்டுகள் கழித்தாவது நான்கு பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நம் மேளங்களில் ஒத்து ஊதியவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் தஞ்சைப் பக்கத்திலும் நம் நடுநாட்டிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்குப் பெரிய நிறுவனமோ நிதியோ தேவையில்லை, ஒரு குறிப்பேடு போதும்.